மரம் அறுக்கும் மெஷினுக்குக் கால் கவசம்: கட்டிக்கொள்வதா, மாட்டிக்கொள்வதா?

கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம், மானாவாரிக் காட்டில் போட்ட தைல மரம், பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பின்கட்டில் நாட்டு ஓட்டின் மேல் சாய்ந்து நிற்கும் வேம்பு. காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் பக்கம் மரம் அறுக்கும் மெஷினுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னையையும் மாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபோது, அதுவரை மெஷினைத் தொடாதவர்கள்கூட கையில் எடுக்க வேண்டி வந்தது. வாங்கப் போகிறவர்கள் எத்தனை சிசி, சங்கிலி சுற்றி ஓடும் தகடான பார் எத்தனை அங்குலம் என்று விசாரிக்கிறார்கள். காலுக்கு என்ன போடுவது என்ற கேள்வி, தெரிந்தவர் யாருக்காவது தொடையில் தையல் விழுந்த பிறகுதான் வருகிறது.

கேட்டால் கடையில் மூன்று சாமான்கள் காட்டுவார்கள். முதலாவது, ஏப்ரன் போல முன்னால் தொங்கி, பின்னால் பட்டையால் கட்டிக்கொள்ளும் சாப்ஸ். அடுத்தது, முன்பக்கம் மட்டும் கவசம் வைத்துத் தைத்த பேன்ட். இதை டைப் ஏ என்பார்கள். மூன்றாவது, காலைச் சுற்றி முழுக்கக் கவசம் உள்ள டைப் சி பேன்ட். மூன்றிலும் உள்ளே இருக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றுதான். எது யாருக்கு என்பதில்தான் குழப்பம்.

## துணி எப்படிச் சங்கிலியை நிறுத்துகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் தப்பான சாமான்தான் கைக்கு வரும். சைக்கிளில் போகும்போது வேட்டி நுனி செயினில் மாட்டினால் என்ன ஆகிறது? துணி பல்சக்கரத்துக்குள் இழுபட்டு, சுருண்டு, பெடல் இறுகி நின்றுவிடுகிறது. கால் கவசம் வேலை செய்வதும் அப்படித்தான். மேல் துணிக்குள் நீள நீளமான இழைகள் தளர்வாக, ஆறேழு அடுக்காகவும் அதற்கு மேலும் வைக்கப்பட்டிருக்கும். சங்கிலிப் பல் மேல் துணியைக் கிழித்ததும் இந்த இழைகள் பல்லில் மாட்டி, மூடிக்குள் சங்கிலியை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, அங்கே பந்தாகச் சுற்றிச் சங்கிலியை நிறுத்துகின்றன.

இழை உருவிக்கொண்டு வர வேண்டும் என்பதே இதில் முக்கியம். கெட்டியாகத் தைத்த துணி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் உருவி வராது, அறுபட்டுத்தான் போகும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எட்டில் மூன்று அங்குலப் பிட்ச் (அடுத்தடுத்த ரிவெட் ஆணிகளின் சராசரி இடைவெளி) உள்ள சங்கிலியில் இரண்டு பல்லுக்கு நடுவே 38 மில்லிமீட்டர் இடைவெளி. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு நொடியில் 500 பல்லுக்கு மேல் ஒரே இடத்தைக் கடந்து போகின்றன. காலை இழுத்துக்கொள்ள கால் நொடி பிடித்தாலும் அதற்குள் நூற்றுக்கு மேல் பல் பதம் பார்த்திருக்கும்.

அதனால் ஜீன்ஸ், ரெக்சின், வெல்டிங் தோல் ஏப்ரன், புல் வெட்டும் மெஷினுக்குக் கட்டும் பிளாஸ்டிக் முட்டிக் கவசம் ஆகியவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. கல் தெறித்தால், முள் குத்தினால் அவை உதவும். சங்கிலிக்கு அவை ஒரு தடையே இல்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுப்பது வெறுங்காலைவிட மோசம். தொங்கும் துணி சங்கிலியில் மாட்டினால் மெஷினையே காலை நோக்கி இழுத்துவிடும்.

## எடை போடும் அளவுகோல்கள்

வேகம். கவசத்தின் உள்பக்க லேபிளில் ஐ.எஸ்.ஓ 11393-2 என்றோ, பழைய சரக்கில் இ.என் 381-5 என்றோ தர எண் இருக்க வேண்டும். கூடவே மெஷின் படம் போட்ட கேடய முத்திரையும் வேண்டும். கிளாஸ் 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர் ஓடும் சங்கிலியில் சோதித்துத் தேறியது. கிளாஸ் 2 என்றால் 24 மீட்டர், கிளாஸ் 3 என்றால் 28 மீட்டர். எண் ஏற ஏற அடுக்கும் எடையும் வெக்கையும் ஏறும்.

உங்கள் மெஷினின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். ஸ்பிராக்கெட்டின் பல் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, பிட்ச் அளவால் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுக்க வேண்டும். ஏழு பல், எட்டில் மூன்று அங்குலம் அதாவது 9.525 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் சரியாக 20 மீட்டர். அதே மெஷின் மரத்தில் படாமல் காற்றில் 12,500 சுற்று ஓடினால் 28 மீட்டரைத் தொட்டுவிடும். .325 அங்குலப் பிட்ச், ஏழு பல் என்றால் 10,000 சுற்றில் 19 மீட்டர், 12,500-ல் 24. ஆகவே கிளாஸ் 1 போட்டால் வெட்டே படாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எலும்பு வரை போகும் வெட்டைத் தோலோடும் சதையோடும் நிறுத்தினால்கூட அது செய்த உதவி பெரிது.

வெக்கை. இந்தப் பக்கத்துக்கு இதுவே முதல் அளவுகோல் என்பேன். கண்மாய் வற்றிய பிறகுதான் உள்ளே போய்க் கருவேலம் வெட்ட முடியும். வேலை பங்குனி, சித்திரை, வைகாசியில் வந்து விழுகிறது, வெயில் 38, 40 டிகிரி அடிக்கும் மாதங்களில். கவசங்களுக்கான தர அளவுகள் குளிர் நாட்டுக் காடுகளில் வேலை செய்கிறவர்களை மனத்தில் வைத்து வளர்ந்தவை. பதினோரு மணிக்குக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டால், கிளாஸ் 3-ம் மாட்டின இடத்தில்தான் தொங்கும்.

முள். சீமைக் கருவேலம் ஒற்றைத் தண்டாக நிற்பதில்லை. தூரிலிருந்தே ஐந்தாறு கிளை, முட்டி உயரத்தில் பின்னிய மிலாறு. தளர்ந்து தொங்கும் எதையும் அது பிடித்து இழுக்கும்.

அணிபவர். ஒரே ஆள் தினமும் போடுவாரா, நாலு பேர் மாற்றி மாற்றியா?

ஆண்டுக்கு எத்தனை நாள். பத்து நாளா, இருநூறு நாளா? செலவுக் கணக்கை இந்த எண்தான் தீர்மானிக்கும்.

## சாப்ஸ்

இடுப்பில் ஒரு பெல்ட்; ஒவ்வொரு காலுக்கும் தொடை, முட்டி, கெண்டைக்கால் பக்கம் பின்னால் பக்கிள். உள்ளே சாதாரண பேன்ட் போட்டுக்கொண்டு மேலே கட்டிக்கொள்ளலாம். எடை ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின். பின்பக்கம் திறந்திருப்பதால் காற்று போகும். மெஷினைக் கீழே வைத்ததும் இரண்டு நிமிடத்தில் அவிழ்த்துவிடலாம். மூன்றில் விலை குறைந்ததும் இதுதான். பேன்ட்டின் விலையில் பாதிக்கே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பெல்ட்டைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் ஒரு ஜோடியை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நீளம் மாறாது. இடுப்பு எலும்பிலிருந்து செருப்பின் மேல்பக்கம் வரை அளந்து வாங்க வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு 36 அங்குலம் பெரும்பாலும் பொருந்தும். நீளமானதை வாங்கினால் கீழ் நுனி மிதிபட்டு ஆளைத் தடுக்கிவிடும். குட்டையானதை வாங்கினால் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் வெறுமையாக இருக்கும்.

இதில் தவறு நடப்பது பக்கிளில். மேல் பெல்ட்டை மட்டும் மாட்டிவிட்டுக் கீழ்ப் பக்கிள்களை விட்டுவிடுவது பரவலான பழக்கம். அப்படி விட்டால் கவசம் கதவு போல ஆடும். சங்கிலி பக்கவாட்டில் பட்டதும் துணியைச் சுழற்றித் தள்ளிவிட்டுக் காலில் இறங்கும். முள் காட்டில் இந்த ஆட்டம் இன்னொரு தொல்லையையும் கொண்டுவரும். மிலாறு பட்டைக்குள் நுழைந்து மாட்டினால், ஓடும் மெஷினோடு ஆள் தடுமாறுவார். எல்லாப் பக்கிளையும் மாட்டி, பட்டையின் மிச்ச நுனிகளை மடித்துச் செருகிய பிறகே மெஷினை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். கெண்டைக்கால் பக்கம் சுற்றிவரும் அமைப்புள்ள சாப்ஸ் கிடைத்தால் முள் காட்டுக்கு அதையே எடுங்கள்.

தோப்புக்காரருக்கும், ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் மெஷின் எடுப்பவருக்கும், கூலிக்கு ஆள் கூப்பிட்டு மரம் அறுக்கச் சொல்பவருக்கும் இது பொருந்தும். கூலி ஆட்கள் கவசம் கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வேலை கொடுப்பவர் வீட்டில் இரண்டு சாப்ஸ் இருந்தால், மெஷினைத் தொடுகிறவர் கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடலாம்.

## முன்பக்கக் கவசப் பேன்ட் (டைப் ஏ)

நாள் முழுக்க மெஷின் பிடிப்பவருக்கு உரியது. இரண்டு காலின் முன்பக்கமும் அரைவட்டமாகக் கவசம். அதோடு இடது காலின் வெளிப்பக்கத்திலும் வலது காலின் உள்பக்கத்திலும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். ஏன் இந்தக் கோணல் அளவு? வலது கை பின் கைப்பிடியில், இடது கை முன் கைப்பிடியில் இருக்க, மெஷின் உடலுக்கு வலப்புறமாக ஓடுவதை வைத்து அமைத்தது இது. இடது கைப் பழக்கம் உள்ளவர்களும் மெஷினை இந்த முறையில்தான் பிடிக்க வேண்டும். கைமாற்றிப் பிடித்தால் கவசம் இல்லாத பக்கம் சங்கிலிக்கு நேராக வந்துவிடும். இடது காலின் உள்பக்கத்துக்கும் 5 சென்டிமீட்டர் சேர்த்தது டைப் பி.

கவசம் கீழ் ஓரத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் தொடங்கி, கவட்டைக்கு மேல் 20 சென்டிமீட்டர் வரை போக வேண்டும். கடையில் விரலால் அழுத்திப் பார்த்தாலே அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். முட்டியோடு நின்றுவிட்டால் அது வேறு வேலைக்கான பேன்ட்.

சாப்ஸைவிட இதன் பலம், ஆடாமல் காலோடு ஒட்டி இருப்பது. முள்ளில் மாட்டும் பட்டை கிடையாது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தூரை அறுக்கும்போதும் கவசம் முட்டியை விட்டு விலகாது. தைல மரம் ஒருமுறை வெட்டிய கட்டையிலிருந்து மூன்று நான்கு தண்டாகத் தழைத்து வரும். அதைத் தரையை ஒட்டி அறுக்க வேண்டும் என்பதால் நாள் முழுக்கக் குனிவதும் நிமிர்வதும்தான் வேலை. அங்கே பேன்ட் போட்டவருக்கும் சாப்ஸ் கட்டியவருக்கும் வித்தியாசம் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

இடையூறு அளவுதான். வெளிநாட்டு அளவில் தைத்தது நம் ஆட்களுக்கு இடுப்பு சரியாக இருந்தால் கால் நீளும். டெய்லரிடம் கொடுத்துக் கீழே வெட்டித் தைத்துவிடலாம் என்று தோன்றும். செய்யவே கூடாது. அடுக்கின் விளிம்பைத் திறந்தால் இழைகள் ஒவ்வொன்றாக உருவி வெளியே வந்துவிடும். அடுக்கோடு சேர்த்து ஒரு வரி தையல் போட்டாலும், இழை அங்கே கட்டுப்பட்டுச் சங்கிலியோடு உருவி வராது. குட்டைக் கால் அளவு தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தொடையின் பின்பக்கம் காற்றுக்கு ஜிப் வைத்தது கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம், வைகாசியில் அந்தப் பணம் வீணில்லை.

தினமும் போடுகிறவருக்கு ஒன்று போதாது. ஒன்று காயும்போது மற்றொன்று வேண்டும். விலை கேட்கும்போதே இரண்டுக்குக் கேளுங்கள்.

## சுற்றிலும் கவசம் (டைப் சி)

கெண்டைக்கால், பின்தொடை எல்லாம் மூடியிருக்கும். எடையும் வெக்கையும் இதில்தான் அதிகம். தரையில் நின்று அறுக்கும் சித்திரை மாத வேலைக்கு இதை நான் சொல்ல மாட்டேன், கழற்றி வைத்துவிடுவார்கள்.

இதற்கென்று இரண்டு இடம் உண்டு. முதலாவது, கயிறு கட்டி மரத்தில் ஏறி அறுப்பவர். பெரிய வீடுகளின் ஓட்டின் மேலும் மின்கம்பி ஓரத்திலும் நீண்ட கிளைகளை அடியோடு சாய்க்க முடியாது. மேலே ஏறித் துண்டு துண்டாக இறக்க வேண்டும். மரத்தைக் கவ்விப் பிடித்த கால் எந்தக் கோணத்தில் இருக்கும், மெஷின் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அங்கே பின்பக்கமும் மூடியிருக்க வேண்டும். கை வாளால் முடிகிற கிளையைக் கை வாளாலேயே அறுப்பது அதைவிட நல்லது. இரண்டாவது, மெஷின் பழகத் தொடங்குகிறவர். கால் வைக்கும் முறை இன்னும் படியாத நாட்களில் காலை வேளை மட்டும் இரண்டு மணி நேரம் இதைப் போட்டுப் பழகலாம்.

## ஒரு பார்வையில்

| | சாப்ஸ் | டைப் ஏ பேன்ட் | டைப் சி பேன்ட் |
|---|---|---|---|
| மூடும் பகுதி | முன்பக்கம், சில மாடலில் கெண்டைக்காலும் | முன்பக்கம், ஓரத்தில் 5 செ.மீ கூடுதல் | சுற்றிலும் |
| கோடையில் | தாங்கலாம் | காற்று ஜிப் இருந்தால் தாங்கலாம் | கடினம் |
| முள் காட்டில் | பட்டை மாட்டும் | நல்லது | நல்லது |
| பலர் மாற்றிப் போட | முடியும் | முடியாது | முடியாது |
| விலை | குறைவு | நடுத்தரம், இரண்டு வேண்டும் | அதிகம் |
| உரியவர் | தோப்புக்காரர், வேலை கொடுப்பவர் | தினக் கூலி அறுப்பாளர் | மரம் ஏறுபவர், பழகுநர் |

## பில்லில் வராத செலவுகள்

முதல் எதிரி எண்ணெய். பாருக்கு ஊற்றும் எண்ணெய்க்குப் பதிலாக ஒர்க்‌ஷாப்பில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. அது சங்கிலியிலிருந்து தெறித்து வலது தொடையில் ஊறுகிறது. எண்ணெயும் மரத்தூளும் மண்ணும் சேர்ந்து இழைகளைக் கட்டியாக்கிவிட்டால் உருவி வருவது நின்றுவிடும். வெளியே பார்க்கப் புதிதாகத் தெரியும் பேன்ட், உள்ளே வெறும் துணியாகியிருக்கும். பார் ஆயிலுக்குக் கொடுக்கும் பணத்தில் கால் கவசத்தின் ஆயுளும் சேர்ந்திருக்கிறது.

துவைப்பது அடுத்தது. லேபிளில் போட்டிருக்கும் சூட்டைத் தாண்டாமல், சாதாரண சோப்புத்தூளில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலச வேண்டும். துவைகல்லில் அடிக்கக் கூடாது; அடித்தால் அடுக்குகள் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் காலியாகிவிடும். முறுக்கிப் பிழியவும் கூடாது. பிளீச்சிங் பவுடர், துணி மென்மையாக்கும் திரவம் இரண்டும் வேண்டாம். நிழலில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். மோட்டார் ரூமில் மூட்டை கட்டிப் போட்டால் எலி கடித்துக் கூடு கட்டும், கம்பியில் தொங்கவிடுங்கள்.

கரி மூட்டம் போடுகிற இடத்தில் பொறி பறந்து மேல் துணியில் பொத்தல் விழும். சிறு கிழிசலுக்கு மேல் துணியில் மட்டும் ஒட்டுப் போட்டுப் பசையால் ஒட்டலாம், ஊசி அடுக்குக்குள் இறங்கக் கூடாது. வெள்ளை இழை வெளியே எட்டிப் பார்த்தால் அதை இழுத்துக் கத்தரிக்க வேண்டாம். சங்கிலி ஒருமுறை பட்டு இழை உருவிவிட்டால் அந்தக் கவசத்தின் வேலை முடிந்தது. எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் மறுபடி போடக் கூடாது.

செலவை விலையாகப் பார்க்காமல் நாளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 6,000 ரூபாய்க்கு வாங்கிய சாப்ஸ் இரண்டு ஆண்டில் 100 நாள் உழைத்தால் நாளுக்கு 60 ரூபாய், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு. ஆண்டுக்கு நாலு நாள் மட்டும் அறுக்கிறவருக்கு இதே கணக்கு வேறு வழி காட்டும். மெஷினே வாங்காமல், கவசம் போட்டு வேலை செய்யும் ஆளைக் கூப்பிட்டுக் கொஞ்சம் கூடுதல் கூலி கொடுத்துவிடலாம்.

## பேட்டரி மெஷின் வைத்திருந்தால்

வீட்டுத் தோட்டத்துக்கென்று பேட்டரியில் ஓடும் சின்ன மெஷின்கள் வந்துவிட்டன. சத்தம் குறைவு, பெட்ரோல் வாடை இல்லை, பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் பெட்ரோல் மெஷினில் இழை சுற்றியதும் கிளட்ச் வழுக்கி இன்ஜின் திணறும். மின் மோட்டார் நின்ற நிலையிலும் முழு முறுக்கு விசையோடு தள்ளும். சில மாடல்களில் இழை சிக்கி நிற்கும் ஸ்பிராக்கெட் பகுதி அகலமாகத் திறந்திருப்பதால், இழை நிற்காமல் வெளியே போய்விடலாம். அதனால் கால் கவசம் இங்கே குறைவாகத்தான் உதவும். போட வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு கிளாஸ் உயர்த்தி வாங்குங்கள். வெட்டி முடித்ததும் செயின் பிரேக்கைத் தள்ளிவிட்டே அடி எடுத்து வையுங்கள்.

## எந்த வேலைக்கு எது

கண்மாய் ஏலத்தில் கருவேலம் எடுத்து நாள் முழுக்க அறுக்கிறவருக்கு டைப் ஏ, கிளாஸ் 1, இரண்டு பேன்ட். தைல மரத் தோப்புக்கும் அதுவே. 60 சிசிக்கு மேற்பட்ட மெஷினில் பெரிய புளி, வேம்பு சாய்க்கிறவருக்குக் கிளாஸ் 2. தென்னந்தோப்பில் பட்ட மரம் அறுப்பவருக்குச் சாப்ஸ் போதும், அங்கே முள்ளும் மிலாறும் இல்லை. விறகுக் கடையில் கட்டையை வரிசையாகப் போட்டு அறுக்கிறவருக்கும் சாப்ஸ்தான் வசதி. ஆள் மாறும்போது அதுவும் மாறும். மரம் ஏறுபவருக்கு மட்டும் டைப் சி.

எதை வாங்கினாலும் வேலை நேரத்தைக் காலை ஐந்தரையிலிருந்து பத்து, மாலை நான்குக்கு மேல் என்று பிரித்துக்கொண்டால் கவசம் காலில் நிற்கும். நடுப்பகலில் மிலாறு ஒதுக்குவது, அரம் போடுவது என்று மெஷின் ஓடாத வேலையை வைத்துக்கொள்ளலாம்.

## கவசம் எட்டாத இடங்கள்

காலுக்குக் கீழே பாதம் இருக்கிறது. ரப்பர் செருப்போடு சாப்ஸ் கட்டிக்கொண்டு நிற்பதில் பயன் பாதிதான். இரும்பு மூக்கும் சங்கிலித் தடுப்பு முத்திரையும் உள்ள பூட்ஸ் நல்லது. கிடைக்காவிட்டால் இரும்பு மூக்கு வைத்த தோல் பூட்ஸாவது வேண்டும். சாதாரண கம்பூட் சங்கிலிக்குத் தாங்காது.

சங்கிலி காலுக்கு வரக் காரணமான மூன்று விஷயங்களையும் பார்த்துவிட வேண்டும். மழுங்கிய பல் முதலாவது. கருவேலத்தைத் தரையை ஒட்டி அறுக்கும்போது பார் நுனி செம்மண்ணில் ஒருமுறை பட்டாலே முனை போய்விடும். மழுங்கிய சங்கிலியில் ஆள் அழுத்திக் கொடுக்கிறார், கட்டை திடீரென்று அற்றதும் அந்த அழுத்தத்தோடு மெஷின் இடது முட்டிக்கு வருகிறது. .325 சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம், எட்டில் மூன்று அங்குலச் சங்கிலிக்கு 5.2 அல்லது 5.5. பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு. மரத்தூள் சீவலாக வராமல் மாவாக வந்தால் பல் போய்விட்டது.

இரண்டாவது, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஓடும் சங்கிலி. மெஷின் சும்மா ஓடும்போது சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் கார்புரேட்டரில் வேகத் திருகைக் குறைத்து நிற்கவைத்த பிறகே வேலை. மூன்றாவது, பார் மூக்கின் மேல் பாதி மரத்தில் படுவது. பட்ட கணத்தில் மெஷின் முகத்துக்கும் தோளுக்கும் எகிறும். அதற்குக் கால் கவசம் துணையில்லை. செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் ஒருமுறை தள்ளிப் பார்ப்பதும், இடது கைப் பெருவிரல் முன் கைப்பிடியைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருப்பதும்தான் காப்பு.

தனியாகப் போகாதீர்கள். தொடையின் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது. கண்மாய்க்குள்ளிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே கால் மணி பிடிக்கும். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கூட இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து முழு எடையோடு அழுத்துவது. ரத்தம் நிற்காவிட்டால் காயத்துக்கு நாலு விரல் மேலே, முட்டி மூட்டின் மீதே விழாதபடி, துண்டை அகலமாக மடித்துக் கட்டி, முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தைப் பேனாவால் கையிலோ நெற்றியிலோ எழுத வேண்டும். பிறகு அதைத் தளர்த்தக் கூடாது, மருத்துவர்தான் தளர்த்த வேண்டும். 108-க்குச் சொல்லும்போது கண்மாயின் பெயரோடு, வண்டி எந்த மடை வரைக்கும் வரும் என்பதையும் சொல்லி, ஒரு ஆளை ரோட்டில் நிறுத்துங்கள். அந்தத் துண்டும் குச்சியும் பேனாவும் பெட்ரோல் கேனோடு ஒரே பையில் கட்டித் தொங்கட்டும்.